செஞ்சோற்றுக் கடனும் செங்கல் சூளையும்

(திண்டிவனத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2019 ஜூலையில் ஒரு புகைப்படம் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் நாடு முழுக்கச் சுற்றியது. முதியவர் ஒருவர் அரசு அதிகாரியின் காலடியில் விழுந்து கும்பிடுகிறார். காஞ்சிபுரத்திலும் ராணிப்பேட்டைப் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களில் அடைபட்டுக் கிடந்த 42 பேரை வருவாய்த் துறை மீட்ட நாள் அது. அத்தனை பேரும் இருளர்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. சிலர் வாங்கியிருந்த கடன் ஆயிரம் ரூபாய் அளவில்தான் இருந்தது என்று செய்திகள் சொல்லின. அதற்காக உழைத்ததோ பல ஆண்டுகள்.

படத்தைப் பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் நெகிழ்ச்சி வடிந்து சங்கடம்தான் மிஞ்சும். விடுதலை தர வந்தவருக்குக் காட்டவும் அந்தப் பெரியவரிடம் இருந்தது அதே பழைய மரியாதைதான். காலில் விழுவது.

இப்படிப்பட்ட மீட்புகளில் அதிகாரிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கையில் விலங்கில்லை, காலில் சங்கிலியில்லை, பல இடங்களில் சுற்றுச்சுவர்கூட இல்லை. பிறகு ஏன் ஓடிப்போகவில்லை? அடிக்குப் பயந்து என்பது ஒரு பதில். அதற்கு இணையாக வரும் இன்னொரு பதில்தான் கேட்பவரை வாயடைக்க வைக்கும். "கடன் வாங்கிட்டமே சார், எப்படி வுட்டுட்டுப் போறது?"

அந்தப் பதிலைப் பற்றியதுதான் இந்த உரை. அறம் எல்லா மனிதருக்கும் பொதுவானதா, ஊருக்கு ஊர் மாறுவதா என்ற பழைய வழக்கை ஏதென்சிலோ ஜெர்மனியிலோ தொடங்குவதுதான் மரபு. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்தும் அதைத் தொடங்கலாம். இன்னும் தெளிவாகவே தெரியும்.

ஆனாலும் ஏதென்சை ஒரேயடியாக விட்டுவிட முடியாது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதிவைத்த கதையில் நம் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். பாரசீக மன்னர் தாரியஸ் தன் அவையில் இருந்த கிரேக்கர்களிடம், எவ்வளவு பணம் கொடுத்தால் இறந்த தந்தையின் உடலைத் தின்பீர்கள் என்று கேட்டாராம். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு, தந்தையின் உடலைத் தின்னும் வழக்கமுள்ள கல்லாத்தியர் என்ற இந்தியக் கூட்டத்தாரை அழைத்து, எவ்வளவு கொடுத்தால் உடலை எரிப்பீர்கள் என்று கேட்டார். அவர்கள் அலறிவிட்டார்கள். வழக்கமே அனைவருக்கும் அரசன் என்று ஹெரோடோடஸ் முடிக்கிறார். அப்படி ஒரு கூட்டம் இருந்ததா என்பது வேறு விஷயம். கதையை உற்றுப் பார்த்தால், இரு தரப்பும் ஒரே காரணத்துக்காகத்தான் பதறுகின்றன. அப்பனைக் கேவலப்படுத்தக் கூடாது. நெருப்பா வயிறா என்பதில்தான் தகராறு.

இதே கேள்வியை 1980களில் புவனேசுவரத்தில் வேறு விதமாகக் கேட்டார்கள். ரிச்சர்ட் ஷ்வேடர், மனமோகன் மகாபாத்ரா, ஜோன் மில்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 39 சின்னச் சின்னச் சம்பவங்களைத் தயார் செய்து, புவனேசுவரத்துக் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும், சிகாகோவின் ஹைட் பார்க் பகுதியில் வாழும் அமெரிக்கர்களிடமும், இதில் எது தப்பு, எவ்வளவு பெரிய தப்பு என்று கேட்டார்கள். முடிவுகள் 1987இல் வெளிவந்தன. புவனேசுவரத்துப் பிராமணக் குடும்பங்களில் மிகப் பெரிய குற்றமாகத் தெரிந்தது எது? தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழி தின்றது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அதில் என்ன தப்பு என்றே விளங்கவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்ட பையனைத் தந்தை பிரம்பால் அடித்தால் புவனேசுவரத்தில் சரி, சிகாகோவில் தப்பு. அந்தக் கோழிக் கேள்வியைத் திண்டிவனம் கடைத்தெருவில் கேட்டாலும் பதில் புவனேசுவரத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். கருமாதி முடியுமுன் கறி எடுத்தவனை இந்த ஊரும் சும்மா விடாது.

வேற்றுமைகளைக் காட்டத்தான் இந்த ஆய்வை எல்லோரும் எடுத்து வீசுகிறார்கள். அதே ஆய்வில் இரண்டு ஊர்களும் தலையாட்டி ஒத்துக்கொண்ட இடங்களும் இருந்தன. கொடுத்த வாக்கை மீறக்கூடாது. பிறர் பொருளைப் பாழாக்கக் கூடாது. வாயில்லா ஜீவனைக் காரணமின்றி உதைக்கக் கூடாது. வலுவற்றவரைக் காக்க வேண்டும். பெற்ற உதவிக்குப் பதில் செய்ய வேண்டும். இவை உலகப் பொது அறமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்களே பட்டியலிட்டார்கள்.

வாக்கு தவறாமை, நன்றி மறவாமை. பொது அறத்தின் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் இரண்டும் இவை. கொத்தடிமை முறை கட்டப்பட்டிருப்பதும் இந்த இரண்டு செங்கற்களால்தான்.

அது எப்படி என்பதற்கு, அந்த முறை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை கிடையாது. விறகு நனைந்து கிடக்கும், சூளை மூடிக் கிடக்கும். அந்தச் சமயம் பார்த்து வீட்டில் பிரசவம் வரும், சாவு வரும், கல்யாணம் வரும். மேஸ்திரி வந்து முன்பணம் தருவார். பழைய சொல் முன்பணம்; இப்போது எல்லோர் வாயிலும் அது அட்வான்ஸ். வாங்குகிறவர் ஒருவர்; வேலைக்குப் போவது புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும். தை பிறந்தால் சூளை தொடங்கும். மண் மிதிப்பது, கல் அறுப்பது, காயவைப்பது, அடுக்குவது என்று ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பது கணக்கு. அரிசி ஆலையில் நெல் அவிக்க நடுராத்திரியில் எழ வேண்டும். பிறகு களத்தில் கொட்டி வெயிலில் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். மரவெட்டில் சீமைக்கருவேலத்தை வெட்டி, கரி மூட்டம் போட்டு, முள் குத்திய காலோடு அடுத்த காட்டுக்கு நடக்க வேண்டும்.

கூலியில் வாரச் செலவுக்கு ஒரு தொகை கையில் வரும். மீதி அட்வான்சில் கழியும் என்று ஓனர் சொல்வார். கழிந்ததா, ஏறியதா என்பது ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு ஓனரிடம் இருக்கும். ஊரில் சாவு என்றால் போகலாம். குடும்பத்தில் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். திருவிழாவுக்கும் அப்படித்தான். சங்கிலி இல்லை என்று முன்பு சொன்னது முழு உண்மை ஆகாது. அந்த நோட்டும், பின்னால் விட்டுவந்த பிள்ளையும்தான் சங்கிலி.

ஓனரை வில்லனாக வரைந்துவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவரும் அறம்தான் பேசுகிறார். பல சமயம் அவரே சூளையைக் குத்தகைக்கு எடுத்தவர், வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கொடுத்தவர், பக்கத்து ஊர்க்காரர். ஆத்திர அவசரத்துக்கு நான்தானே கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்கு நான்தானே வண்டி அனுப்பினேன், இப்போது ராத்திரியோடு ராத்திரியாக ஓடினால் அது துரோகம் இல்லையா என்பது அவர் கேள்வி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளியில் படித்தவர் அவர். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு. செஞ்சோற்றுக் கடன். இந்த வட்டாரத்தில் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கர்ண மோட்சம் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. துரியோதனன் பக்கம் நியாயமில்லை என்று தெரிந்தும் கர்ணன் அவனுக்காகச் சாகிறான். கூத்து பார்ப்பவர்கள் கண் கலங்குவது அந்த இடத்தில்தான். ஆனால் கர்ணனுக்குக் கிடைத்தது அங்க நாடு. தாயும் கண்ணனும் வந்து அழைத்தபோது, போகிறேன் என்று அவன் எழுந்திருந்தால் தடுக்க ஆள் இல்லை. போகும் வழி திறந்திருந்தும் போகாமல் நின்றதால்தான் அது கடன் தீர்த்தது ஆயிற்று. வழியை அடைத்துவிட்டு நன்றியைக் கேட்பது கர்ணன் கதையில் எங்கும் இல்லை.

அட்வான்ஸ் வாங்கியவன் ஓடினால் அது அறப்பிழை மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்தான் என்று ஒரு காலம் இருந்தது. இதை இங்கே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1843இல் கம்பெனி அரசு, அடிமையின் மேல் ஒருவர் கொண்டாடும் உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்காது என்று சட்டம் செய்தது. உலகப் பொது அறத்துக்குக் கிடைத்த வெற்றி என்று பாடநூல்கள் அதைச் சொல்லும். அதற்குப் பதினாறே ஆண்டுகள் கழித்து, 1859இல், 13ஆம் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பு, இல்லாவிட்டால் வேலையை முடி என்று அவர் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென்று வந்த சட்டம் பிறகு தோட்டங்களுக்கும் பரவியது. 1925இல்தான் அதை நீக்கினார்கள். அடிமை முறை ஒழிந்தது என்று முழங்கிய அதே கை, வாக்குத் தவறாமை என்ற அறத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்டது.

கடல் கடந்து இலங்கை மலையகம் போன தமிழர்களுக்கு இதன் பெயர் துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். புதுத் தோட்டம் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அவர்களோடு சேர்ந்து மலை ஏறும். ஆங்கிலேயர் ஆவணங்களிலும் அது தமிழ்ச் சொல்லாகவே, துண்டு என்றே பதிவாகியிருக்கிறது. 1921இல் ஒழித்தார்கள். தமிழ் உலகத்துக்குக் கொடுத்த சொற்களில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சுதந்திர இந்தியாவின் அரசமைப்பு 23ஆம் பிரிவில் கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஆனாலும் கொத்தடிமை ஒழிப்புக்கென்று தனிச் சட்டம் வர 1976 ஆயிற்று. அந்தச் சட்டத்தைச் சட்டப் புத்தகமாக வாசிப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். அற நூலாக வாசித்தால் தூக்கம் வராது. கொத்தடிமைக் கடன் எதுவாயினும் அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அழிந்தது என்கிறது 6ஆம் பிரிவு. வாங்கிய கடனைக் கொடுக்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லித் தருகிறோமே, அதை ஓரிடத்தில் நிறுத்தி, இங்கே வேண்டாம் என்கிறது நாடாளுமன்றம். எவையெல்லாம் கொத்தடிமை என்ற வரையறையும் கவனிக்கத்தக்கது. முன்பணம் மட்டுமில்லை, வழக்கத்தால் வந்த கடமை, தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிய கடமை, இன்ன சாதியில் பிறந்ததால் வந்த கடமை எல்லாம் அதில் அடங்கும். வழக்கம் என்ற சொல்லைச் சட்டமே பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றுகிறது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த இருவர் குழு 1995இல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை தந்தது. மாநில அரசு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஓனரும் தொழிலாளியும்கூடக் கணக்கில்தானே மாறுபடுகிறார்கள்.

இனி, அறம் பண்பாட்டைப் பொறுத்தது என்பவர்களின் வாதத்தைக் கேட்போம். அது லேசான வாதம் இல்லை. 1947இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானிடவியல் சங்கம் ஒரு அறிக்கை அனுப்பியது. பெரும்பங்கு எழுதியவர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ். ஒரு பண்பாட்டின் அளவுகோலால் இன்னொன்றை அளக்காதீர்கள், மேற்கின் நியாயத்தை உலகத்தின் நியாயம் என்று திணிக்காதீர்கள் என்பது சாரம். காலனி ஆட்சி முடிந்தும் முடியாமலும் இருந்த அந்த நேரத்தில் அது மிக நேர்மையான எச்சரிக்கை. 1859 சட்டத்தின் கதையைக் கேட்டவர்கள் அதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

ஆனால் அந்த அறிக்கையில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு பண்பாட்டுக்கு ஒரே வாய்தான் என்று அது நினைத்துக்கொண்டது. 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரிக்க, எட்டு நாடுகள் ஒதுங்கி நிற்க, பிரகடனம் நிறைவேறியது. ஒதுங்கியவற்றில் சவூதி அரேபியா உண்டு, தென்னாப்பிரிக்கா உண்டு, சோவியத் அணியும் உண்டு. அன்று தென்னாப்பிரிக்காவின் பண்பாடு எது என்று அங்கே யாரைக் கேட்டிருக்க வேண்டும்? அதே பிரகடனத்தின் முதல் பிரிவில் ஆண்பாலாக இருந்த சொல்லை எல்லா மனிதரும் என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. மேற்கின் அறம் என்று சொல்லப்படுவதை மேற்கத்தியருக்கே ஒரு குஜராத்திப் பெண் திருத்திக் கொடுத்தார். மானிடவியல் சங்கமும் 1999இல் மனித உரிமைகளுக்கு ஆதரவாகப் புதிய அறிக்கை வெளியிட்டது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தது. கல்விமான்களுக்கு அது அதிகமில்லை.

ஒரே வாய் என்ற அந்தப் பிழையை விழுப்புரத்துக்காரர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி கிராமத்தில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் திருவிழா நேரத்தில் உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். சமாதானக் கூட்டங்கள் நடந்தன. கிடைத்த பதில் ஒன்றுதான்: இது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு ஜூன் 7ஆம் தேதி வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில் போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே சென்று கும்பிட்டார்கள்.

வழக்கம் என்று சொன்னது ஊர். ஊர் என்றால் யார்? காலனியில் இருப்பவர்களும் அதே ஊரின் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அதே அம்மனைத்தான் அவர்களும் கும்பிட விரும்பினார்கள். அந்த ஊரின் வழக்கத்தைப் பற்றி அவர்களுக்கும் ஒரு கருத்து இருந்தது. அதைக் கேட்கத் தாசில்தார், கோட்டாட்சியர், ஆட்சியர், நீதிமன்றம் என்று இரண்டு ஆண்டு ஏறி இறங்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாகாணத்தில் கோயில் கதவுகளைத் திறக்கச் சட்டம் வந்த 1947இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர், இதோ பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார். ஊரெங்கும் ஓமந்தூரார். அவர் நாத்திகர் இல்லை. விவசாயி, ரமணரிடமும் வள்ளலாரிடமும் ஈடுபாடு கொண்ட ஆன்மிகவாதி. அதே ஆண்டில் அவர் ஆட்சியில்தான், 1920களின் இறுதியிலிருந்து முத்துலட்சுமி ரெட்டி போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. அந்த வழக்கத்தைப் பண்பாடு என்று காப்பாற்றப் பேசியவர்கள் படித்த வக்கீல்கள். அது அடிமைத்தனம் என்று எழுதியவர்களில் ஒருவர் அந்த வாழ்க்கைக்குள்ளிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். பண்பாட்டுக்குள் பிறந்தவர்கள்தான் இரு தரப்பாருமே. யாருடைய சாட்சியம் எடுபட வேண்டும்?

மேல்பாதிக் கோயிலின் அம்மன் யார் என்று நினைத்துப் பார்த்தால் வேடிக்கை கசப்பாகிவிடும். செஞ்சி வட்டாரம் திரௌபதி வழிபாட்டின் தாய்நிலம். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் ஆண்டுக்கணக்கில் இங்கே அலைந்து, 1988இல் அந்த வழிபாட்டைப் பற்றிய நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, படுகளம், தீமிதி என்று ஊரே பாரதமாகிவிடும் நாட்கள் அவை. அந்த வரிசையில் துகிலுரிதல் இரவுக்குத் தனி அச்சம் உண்டு. துச்சாதனன் வேடக்காரர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றித் தாயை வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அந்த இரவின் பேச்சு எதைப் பற்றியது? கடனைப் பற்றியது, வாக்கைப் பற்றியது, அடிமைகளைப் பற்றியது.

தருமன் வாக்குத் தவறாதவன். ஆட வா என்றால் மறுக்கமாட்டேன் என்ற விரதம். நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் மனைவியை வைத்தான். வாக்குப்படி எல்லோரும் அடிமை. சபையில் யாரும் சட்டத்தை மீறவில்லை. அப்போது திரௌபதி ஒரு கேள்வி அனுப்புகிறாள். முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே இழந்தவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். துரியோதனன் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் மட்டும் எழுந்து அவள் பக்கம் பேசுகிறான், அவனை உட்காரவைக்கிறார்கள். அந்த அவையின் பண்பாடு என்ன என்று ஓர் ஆய்வாளர் குறிப்பெடுத்தால் எதை எழுதுவார்? பீஷ்மரின் நழுவலையா, விகர்ணனின் பேச்சையா?

அவள் வேற்று நாட்டு அறத்தைக் கொண்டுவந்து வாதாடவில்லை. சூதின் விதியை எடுத்து, சூதாடிகளிடமே கேட்டாள். வியாச பாரதத்தில் திருதராஷ்டிரன் பயந்துபோய் வரம் தரும்போது அவள் முதலில் கேட்பது தருமனின் அடிமைத்தனம் நீங்க வேண்டும் என்பது. அதற்கு அவள் சொல்லும் காரணம் தன் மகன் பிரதிவிந்தியன். அவனை நாளைக்கு யாரும் அடிமையின் பிள்ளை என்று கூப்பிடக் கூடாது. 1976 சட்டத்தில் பரம்பரையாக இறங்கும் கடமை என்று ஒரு வரி இருக்கிறதே, அதன் பழைய வடிவம் இதுதான்.

இருளர்களைப் பற்றியும் பண்பாடு என்ற சொல் அடிக்கடி அடிபடும். அவர்களுக்குச் சேர்த்துவைக்கத் தெரியாது, இன்று கிடைத்ததை இன்றே தின்பார்கள், யாராவது ஒரு முதலாளி பார்த்துக்கொண்டால்தான் பிழைப்பார்கள், அது அவர்கள் பண்பாடு என்று படித்தவர்களே சொல்வார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்து வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்கள் பார்வைக்கு வரவில்லை போலிருக்கிறது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முதலாளி இல்லாமல் பிழைத்த கதை அது.

உண்மையிலேயே அவர்களுக்கென்று இருக்கும் பண்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போக வேண்டும். பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, சேலைகளைக் கட்டி மறைத்துக் குடில் போட்டு, முழுநிலவில் தங்கி, விடியற்காலையில் கன்னியம்மாளைக் கும்பிடுவார்கள். அங்கேயே பெண் பார்ப்பார்கள், அங்கேயே கல்யாணமும் முடியும், பழைய பிணக்குகளையும் அங்கேயே பேசித் தீர்ப்பார்கள். மாப்பிள்ளை வீடு பெண்ணுக்குப் பரிசம் தரும். வரதட்சணை என்ற பேச்சே இல்லை. சவரன் கணக்குப் பேசி மண்டபம் பிடிக்கும் மற்ற சாதியாருக்கு இது ஒழுங்கில்லாத கல்யாணமாகத் தெரியலாம். அப்படித் தெரிவதால் யாருக்கும் நட்டமில்லை. ஹெரோடோடஸின் நெருப்பும் வயிறும் போல, இது இருந்துவிட்டுப் போகட்டும். விருப்பமில்லாதவர் எழுந்து போகலாம், மணல் அகலமானது.

கோழிக் கேள்வியையும் சூளைக் கேள்வியையும் ஒரே தராசில் வைப்பதால்தான் இந்த வழக்கு முடியாமல் இழுக்கிறது. துக்க வீட்டில் கோழி தின்னாதே என்ற வழக்கத்துக்குப் புவனேசுவரத்து மகன் தானே உடன்படுகிறான். நாளை சிகாகோ போய் விட்டுவிடவும் செய்வான். சூளை வழக்கத்தில் இருப்பவரோ போவதற்கு ஒரு பிள்ளையை அடகு வைக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் பண்பாடு என்ற ஒரே சொல்லால் அழைப்பது தமிழுக்குச் செய்யும் அநியாயம்.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையைப் பார்த்தால், அதில் தத்துவம் குறைவு, மனுக்கள் அதிகம். பழங்குடிச் சான்றிதழ் கேட்டு மனு, வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு, செய்யாத திருட்டுக்குப் பிடித்துப்போனவரை விடக் கேட்டு மனு, சூளையில் சிக்கியவரை மீட்கக் கேட்டு மனு. மனுக்களின் மொழி வறண்டது. ஆனாலும் ஒவ்வொன்றிலும், வழக்கமாக இப்படித்தான் நடக்கிறது என்ற வாக்கியத்துக்கு எதிராக ஒருவரின் பெயரும் கைநாட்டும் இருக்கும்.

மீட்பு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் விடுதலைச் சான்று தர வேண்டும். 2016இல் திருத்திய மத்தியத் திட்டம் உடனடி உதவியாக இருபதாயிரம் ரூபாய் வரை என்றது. 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் அது முப்பதாயிரம் ஆயிற்று. மறுவாழ்வுக்கென்று ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை உண்டு. ஆனால் வழக்கில் கொத்தடிமைத்தனம் நிரூபணமானால்தான் முழுத் தொகை. வழக்கு முடிய எத்தனை ஆண்டாகும் என்பதை இங்கே இருக்கும் வழக்கறிஞர்கள் சொல்வார்கள். அதுவரை அடுத்த ஐப்பசி வரும், அடுத்த பிரசவம் வரும், அடுத்த மேஸ்திரியும் வருவார். சான்றைக் கையில் வைத்துக்கொண்டே, அந்தப் பாக்கியை எப்போது கொடுப்பது என்று கேட்கும் மனிதர்களும் உண்டு. அவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது.

1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒரு சிறிய காரியம் செய்கிறது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால் போதும். இல்லை என்று காட்ட வேண்டியது கொடுத்தவரின் பொறுப்பு. ஆகவே விசாரணையன்று சார் ஆட்சியர் அலுவலகத்தில் ஓனரிடம் கேட்கும் முதல் கேள்வி, இவர் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கழிந்தது, அந்தக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்பதாக இருக்க வேண்டும். வெளியே வராந்தாவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களும் அதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அதைத் திறந்து யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டியதில்லை. பல வழக்குகளில் நோட்டு வருவதே இல்லை.